பலகை இல்லாத எலக்ட்ரீஷியன் கடையும் என் 1997 மாருதி 800உம்

இந்தக் கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பிளஸ் டூ இயற்பியல் விடைத்தாள் திருத்திய கை; முழு மதிப்பெண் என்றாலே சற்று நடுங்கும்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. திருவான்மியூரிலிருந்து பெருங்குடிப் பக்கம் போகும் உள் தெரு ஒன்றில், இஸ்திரி வண்டிக்கு எதிரே, பூவரச மரத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வயர் சுருள்களும் பழைய ஹார்ன்களும் அடைந்து கிடக்கின்றன. வேலை முழுவதும் வெளியே மரத்தடியில்தான். நடத்துகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வண்டியின் மின்சார வேலை மட்டும் பார்க்கிறார். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், தெருக்கோடியைக் கை காட்டிவிட்டுக் குனிந்துகொள்கிறார்.

வண்டி என் கணவர் வாங்கியது. கார்புரேட்டர் மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். அவர் போன பிறகு எல்லோரும் விற்கச் சொன்னார்கள். விற்கவில்லை. பதினைந்து வருடம் முடிந்து 2012இல் ஒருமுறை, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். 2022இல் புதுப்பிக்கும்போது துரு எட்டிப்பார்த்ததால் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் செய்து புதுப்பெண் மாதிரி நிறுத்தினேன். தொல்லை அங்கேதான் தொடங்கியது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் செல்ஃப், அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், சோம்பியது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். இரண்டாவது மூன்றாவது முறையில் முனகிக்கொண்டே சுற்றும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். 3,900 ரூபாய். ஒரு மாதம் சரியாக ஓடியது. புது பேட்டரி எந்தக் குறையையும் கொஞ்ச நாள் மூடி வைக்கும். மறுபடி டிக். வேறோர் இடத்தில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் மாற்றி, 2,500 ரூபாய் வாங்கினார்கள். அதுவும் இரண்டு மாதம். இதற்கிடையில் ஆக்சிலரேட்டர் மிதி கல் போல இறுகிவிட்டது. கேபிளை மாற்றினோம். ஆறே மாதத்தில் அந்தப் புதுக் கேபிளும் இறுகியது. ‘இப்போது வருகிற சரக்கே இப்படித்தான்’ என்று அதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. இரவில் ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். நல்ல வேளையாக அதற்குள் எதிர்வீட்டு டிரைவர் இந்த மரத்தடியைச் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“டீச்சர், ஆக்சிலரேட்டர் கேபிள் எத்தனை தடவை மாற்றினீர்கள்?”

“இரண்டு தடவை, தம்பி.”

“அதுதான் விஷயம்” என்று எழுந்தார். பானெட்டைத் திறந்து சோக் கேபிளின் உறைமேல் என்னைக் கை வைக்கச் சொல்லிவிட்டு, உதவிக்கு இருக்கும் பையனைச் சாவி திருப்பச் சொன்னார். ஐந்தே விநாடி. கேபிள் சுட்டது. டம்ளரில் காபியை ஊற்றியதும் விளிம்பு சுடுமே, அந்தச் சூடு.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வெட்கமாக இருந்தது. பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்து கிளம்புகிற மின்னோட்டம் செல்ஃபைச் சுற்றிவிட்டு மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். கார்களில் அந்தத் திரும்பும் வழி எஞ்சினின் இரும்பும் வண்டியின் பாடியும்தான். ஆனால் எஞ்சின் நேராகப் பாடியில் உட்காரவில்லை, ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தை விடாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பட்டை உண்டு. தாமிரக் கம்பிகளைச் சடை மாதிரி பின்னியது. எர்த் ஸ்ட்ராப் என்பது அதுதான். அந்தச் சடை செத்துவிட்டால் செல்ஃப் இழுக்கிற நூறு ஆம்பியர் சும்மா இருக்குமா? எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு உலோகத்தைத் தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி காய்ந்து பிளாஸ்டிக் உறையை உருக்கும். மிதி இறுகும். அதுவும் பெட்ரோல் நிற்கும் கார்புரேட்டர் பக்கத்திலேயே.

எர்த் என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. நாலு ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்குப் பூமியோடு என்ன தொடர்பு என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார், நியாயமான கேள்வி. வீட்டு எர்த் மண்ணுக்குள் போவது. காரின் எர்த் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போவது. மரத்தடிக்காரர் இதை இன்னும் நன்றாகச் சொன்னார்: “வீட்டு எர்த் குழியில் கரியும் உப்பும் நாமே கொட்டுகிறோம் டீச்சர். கார் எர்த்துக்கு அதே உப்புதான் எமன்.” கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வண்டி நிறுத்துகிறவள் நான். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் பையன்கள் மறந்திருக்கவே மாட்டார்கள்.

பிறகு அளந்தார். இந்தக் கடையைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணமே அந்த அளவைதான்.

மஞ்சள் நிற மல்டிமீட்டர், கம்பிகளில் மூன்று இடத்தில் டேப் சுற்றியது. முந்தின வாரம் வீட்டில் இருந்த மீட்டரைத் தடையை அளக்கும் ஓம் பக்கம் திருப்பி நானே எர்த்தைச் சோதித்துவிட்டதாகவும், 0.4 ஓம் காட்டியதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ததாகவும் அவரிடம் சொன்னேன். சிரிக்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. தன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினார். 0.4. மீட்டர் கம்பியின் தடையே அவ்வளவு. நாங்கள் தேடியதோ ஓமில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. மேலும், சடையில் நூறு இழை அறுந்து ஓர் இழை மிஞ்சினாலும் ஓம் மீட்டருக்கு அது நல்ல கம்பிதான். அந்த ஓர் இழை தேரை இழுக்குமா என்பது வடத்தைப் பிடித்து இழுத்தால்தான் தெரியும். அதாவது மின்னோட்டம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். தடையை அல்ல, வழியில் தொலைகிற வோல்ட்டை.

ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுபோகும் தடித்த வயரைக் கழற்றி அதன் முனையை எஞ்சினோடு சேர்த்து வைத்தார். இனி செல்ஃப் சுற்றும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தார். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கட்டையிலேயே குத்தினார். அதைக் கவ்விக்கொண்டிருக்கும் கிளாம்ப்பில் இல்லை, கட்டையில். சிவப்பை எஞ்சின் ஹெட்டில் வைத்தார். பையன் சாவியைத் திருப்பினான். 1.86 வோல்ட்.

12 வோல்ட்டில் கிட்டத்தட்ட இரண்டைத் திரும்பும் வழியே தின்றுவிடுகிறது. நல்ல வண்டியில் இந்த இடத்தில் 0.2க்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எங்கோ கோளாறு.

அப்புறம் துண்டு துண்டாக அளந்தார். கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே 0.06. கிளாம்ப்பிலிருந்து மைனஸ் கேபிள் பாடியில் சேரும் இடம் வரை 0.10. பாடியிலிருந்து எஞ்சின் வரை 1.70. மனத்துக்குள் கூட்டினேன்: 1.86. துண்டு துண்டான வோல்ட்டுகளைக் கூட்டினால் மொத்தம் வந்தாக வேண்டும் என்கிற கிர்க்காஃபின் இரண்டாம் விதியை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது ஒரு பூவரச மரத்தடியில், கிரீஸ் கறையோடு, இரண்டாம் தசமம் வரை சரியாக வந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். செல்ஃப் நூறு ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 1.70 வோல்ட் 170 வாட் சூடு. 25 வாட் சோல்டரிங் இரும்பு ஏழை ஒரே நேரத்தில் காயப்போட்ட மாதிரி.

என் வண்டியில் மைனஸ் கேபிள் முதலில் பாடிக்குப் போய், அங்கிருந்து சடை, எஞ்சினோடு முடுக்கியிருக்கும் கியர்பாக்ஸுக்குப் போனது. பழைய பட்டறை ஏதோ ஒன்று எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு. சடையின் பாடிப் பக்க போல்ட்டைக் கழற்றி, லக்கை, அதாவது சடை முனையில் போல்ட் நுழையும் உலோக வளையத்தை, தூக்கிக் காட்டினார். அடியில் கண்ணாடி போல் பளபளவென்று 2022ஆம் வருடப் பெயிண்ட். பெயிண்ட் அடித்தவர்கள் சடையைக் கழற்றி, அந்த இடத்துக்கும் அழகாக அடித்து, மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இரும்பும் தாமிரமும் அங்கே தொட்டுக்கொள்ளவே இல்லை. போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை நாளும் மின்சாரம் நுழைந்து போயிருக்கிறது. மரையைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம்.

சடையைக் கையில் கொடுத்தார். மடக்கினேன், நறநறவென்றது. இழைகள் பழைய துடைப்பக் குச்சி மாதிரி ஒடிந்து உள்ளங்கையில் பச்சைத் தூளாகக் கொட்டின. களிம்பு. சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்த ஆணவ மலம் என்னும் அழுக்குக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். செம்போடு கூடவே இருப்பது என்று. திருவான்மியூர்க் காற்றில் அது சித்தாந்தம் இல்லை, சாதாரண விஷயம்.

பேட்டரி மைனஸை முதலில் கழற்றினார். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டினார். ப்ளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நெருப்பு பறக்கும். மைனஸை முன்பே கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. பாடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பித்தளை பிரஷால் துடைத்து, வெள்ளி நிறம் வரும்வரை விடவில்லை. கியர்பாக்ஸ் பக்கமும் அப்படியே. புதிதாக 25 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் வெட்டி, லக் செருகி, ஹைட்ராலிக் இடுக்கியால் பன்ச் செய்தார். சுத்தியலால் அடித்து நசுக்குகிற வழக்கம் இங்கே இல்லை. லக்குக்கும் பாடிக்கும் நடுவே பல் வைத்த ஸ்டார் வாஷர். இறுக்கும்போது அந்தப் பற்கள் இரும்பைக் கீறிக்கொண்டு உட்காருகின்றன. இறுக்கி முடித்த பிறகுதான் மேலே வாஸலின் பூசினார். நான் வாஸலினை முதலிலேயே தடவப் போனேன்; கையைத் தட்டாத குறை. “இரும்பும் தாமிரமும் முதலில் கட்டிக்கொள்ளட்டும் டீச்சர், போர்வை அப்புறம்.”

இன்னொரு கேபிளைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராகக் கியர்பாக்ஸுக்கே போட்டார். இனி செல்ஃபின் மின்னோட்டத்துக்குப் பாடியின் தயவு தேவையில்லை. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பூவை ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் விட்டு நுரைக்க நுரைக்கக் கழுவினார், மூடிகளுக்குள் ஒரு சொட்டும் போகாமல்.

மறுபடி அளந்தபோது எஞ்சினுக்கும் மைனஸ் கட்டைக்கும் இடையே 0.14 வோல்ட். காயில் வயரைச் செருகி நானே சாவியைத் திருப்பினேன். செல்ஃப் இப்படிச் சுற்றி நான் பார்த்தது 1997இல்தான் இருக்கும்.

டெம்பரேச்சர் முள்ளும் அடங்கியது. அது ஏன் ஆடியது என்று இரண்டு நாள் கழித்து வீட்டில் தாளில் சுற்று வரைந்து பார்த்துதான் எனக்கே தெளிந்தது. வண்டி ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எஞ்சினில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட்டுக்கு அது கொடுக்கிற மின்னோட்டம் பாடி வழியாக எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். சடை மோசமென்றால் எஞ்சின், பாடியைவிடக் கொஞ்சம் தாழ்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும். டெம்பரேச்சர் சென்சார் எஞ்சினில் எர்த் ஆவதால், அதன் வழியே கூடுதல் மின்னோட்டம் ஓடி, முள் ஏறும். எஞ்சின் சுடவே இல்லை. ரேடியேட்டர் சுத்தம் செய்யச் சொன்னவர்களுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை.

பின் விளக்கில் இன்னொரு வேடிக்கை இருந்தது. பிரேக்கை மிதித்தால் முன்பக்க பார்க்கிங் விளக்குகள் மங்கலாக எரியும். பின்பக்க பல்பில் பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் இரண்டு இழைகள், இரண்டுக்கும் ஒரே எர்த். அந்த எர்த் துருப்பிடித்துப் போனதால், பிரேக் மின்சாரம் பார்க்கிங் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, முன் விளக்குகளில் நல்ல எர்த்தைத் தேடிப் போயிருக்கிறது. ஹோல்டரிலிருந்து தனி வயர் எடுத்து, டிக்கிக்குள் ஒரு போல்ட் நட்டில் முடுக்கினார். தகரத்தில் தானே மரை வெட்டிக்கொள்ளும் ஸ்க்ரூவில் எர்த் கொடுக்கவே மாட்டாராம். அது தளர்வது நிச்சயம் என்றார்.

மொத்தம் 1,240 ரூபாய். கேபிள், லக், வாஷர் 480, பின் விளக்கு வயர் 60, கூலி 700. அதற்கு முன் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் 6,400 கொடுத்திருந்தேன், கேபிள்கள் தனி. பொருளை விற்கிற கடையில் அளப்பதற்குக் கூலி கிடையாது, அதனால் யாரும் அளப்பதில்லை. இவர் அளப்பதற்குத்தான் கூலி வாங்குகிறார். அந்த 700 எனக்கு உறுத்தவில்லை.

இனி குறைகள். போனை எடுப்பதில்லை. நேரில் போய் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், மேலே பூவரசு, அதில் காகங்கள். குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பில் தருவதில்லை, கேட்டால் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் எழுதித் தருகிறார். கணினி வைத்த புது வண்டிகளை ஏற்பதில்லை. கடைசியாக, வேலை முடிந்து கிளம்பி முதல் வேகத்தடையிலேயே பானெட்டுக்குள் தடதடவென்று சத்தம். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் நட்டை முடுக்க மறந்துவிட்டார். நானே இறங்கி முடுக்கினேன். எர்த்துக்கு அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர், பேட்டரி ஆடி ப்ளஸ் முனை பானெட்டில் இடித்தால் என்னவாகும் என்பதை விட்டுவிட்டார். பிடித்துக்கொண்ட ஒரு மதிப்பெண் இதற்குத்தான். காகத்துக்கு இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்ஸ்டோன் சமனச்சுற்று புரியவில்லை என்று இப்போது சனிக்கிழமைகளில் என்னிடம் வருகிறாள். ஆகவே என் புகழ்ச்சியில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். 1.86உம் 0.14உம் அதற்கு முன்பே மீட்டரில் வந்த எண்கள், அவற்றைக் கழிக்க வேண்டாம்.

அங்கே போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். இரு முனையிலும் கவ்வி வைத்த ஜம்ப்பர் கேபிள் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத தடித்த இரும்பிலும் கவ்வவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியைத் திருப்புங்கள். அதுவரை முனகிய செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த்தில்தான் கோளாறு. பேட்டரி வாங்க வைத்திருக்கும் பணத்தை உள்ளே வைத்துவிடலாம். பெயிண்டிங்குக்கு வண்டியை விட்டு எடுத்தவர்கள், எர்த் லக்குகளுக்கு அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 250 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பேத்தி சாவி திருப்ப, நான் அளந்து, நாட்குறிப்பில் எழுதுகிறேன். கோடையில் 0.15. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து அளந்தபோது 0.19. கியர்பாக்ஸ் பக்கத்து லக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டியதும் 0.14க்குத் திரும்பியது.

கடைக்கு ஞாயிறு விடுமுறை. காலை பத்து மணிக்கு முன்னால் போனால் ஸ்டூல் காலியாக இருக்கும். குடை மட்டும் எடுத்துப் போங்கள்.